யூ-யேயின் கட்டைவிரலும் மருமகளின் சர்க்கரையும்

லியாவ் யூ-யே இந்த உலகத்தில் சந்தேகப்படாதது ஒன்றே ஒன்று: தன் கட்டைவிரல். தைனான் நகரத்தில் கால் அழுத்திப் பிழைக்கும் பெண்மணி. உள்ளங்காலைத் தொட்டால் ஆள் என்ன தின்றான், யாரிடம் பொய் சொன்னான் என்பது வரை தெரிந்துவிடும் என்பது அவர் கொள்கை. மறுப்பவர்களுக்கு உள்ளங்காலில் ஈரலுக்கு உரிய புள்ளியில் கொஞ்சம் கூடுதலாக அழுத்துவார். உடனே ஒப்புக்கொள்வார்கள்.

மருமகள் பெய்-சுவான் தலைநகரத்துத் தைபேய்க்காரி. சந்தேகத்துக்கு அதுவே போதும். பிள்ளை வயிற்றில் இருக்கையில் அவளுக்குச் சர்க்கரை வேறு ஏறிவிட்டது. அடுத்த பரிசோதனைக்குள் இறங்காவிட்டால் இன்சுலின் ஊசி என்றார் டாக்டர். விரல் நுனியில் குத்தினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் அவள். கால் அமுக்கிக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"மெதுவா அமுக்கிக்கங்க, மனசுக்கு இதமா இருக்கும். ஆனா சர்க்கரை இறங்கணும்னா சாப்பாட்டப் பாக்கணும்," என்றார் டாக்டர். கூடப் போயிருந்த யூ-யேயின் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

கர்ப்பிணியின் கணுக்காலைத் தொடக்கூடாது என்பது தொழில் விதி. ஆகவே தினமும் சமையலை முடித்துவிட்டு, பாதக் குழிவில் இருக்கும், சர்க்கரையைக் கவனிக்கும் கணையப் புள்ளியை மட்டும் பூப்போல அழுத்தினார். பிறகு இருவரும் சாப்பிட்டார்கள். அதன் பிறகு மீட்டரில் பார்த்தால், சர்க்கரை ஏறியே நின்றது.

கட்டைவிரல் தப்பு செய்யாது. ஆகவே மருமகள்தான் திருடி.

"ஒளிஞ்சு பால்டீ குடிக்கிறியா?"

"இல்லத்தை."

"உன் கால் வேற மாதிரி சொல்லுதே."

"அதுக்கு என்னைப் பிடிக்கல போல."

யூ-யே குப்பைக்கூடையைக் கிளறினார். கைப்பையைச் சோதித்ததில் ஒரு வெள்ளரிக்காய் அகப்பட்டது. காரணமில்லாமல் யாராவது வெள்ளரிக்காய் சுமப்பார்களா?

ஞாயிற்றுக்கிழமை தோழி வீட்டில் சாப்பிட்டுவிட்டு, இறங்கிய சர்க்கரையோடு வந்தாள் பெய்-சுவான். யூ-யே மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மீட்டரும் உங்க ஊர்க்காரனா?"

மறுநாள் அவள் சமையலறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். வாணலியில் விலாங்குமீன் நூடுல்ஸ். யூ-யேயின் கரண்டி ஒரு டப்பாவுக்குள் போய்க் குவியலாக வந்தது.

"அது என்னத்தை?"

"சக்கரை."

"தினமும் போடுவீங்களா?"

"இனிப்புக்கா போடுறேன்? ருசிக்குப் போடுறது."

"போன வாரம் பால்மீன் சூப்புல?"

"அதுக்கு ருசி வேணாமா?"

யூ-யேயின் கரண்டி அந்தரத்தில் நின்றது. தைனான் கணக்கில் சர்க்கரை என்றால் கேக்கில் இருப்பது, பால்டீயில் இருப்பது. குழம்பில் போடுவது மரியாதை. இனிக்காத குழம்பை ஊற்றினால் கஞ்சப் பிசினாரி என்பார்கள். அவர் முதல்முறையாகத் தன் கையையே ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு டப்பாவை அலமாரியின் உச்சியில் ஏற்றிவிட்டார்.

அடுத்த பரிசோதனையில், இப்போதைக்கு ஊசி வேண்டாம் என்றார் டாக்டர்.

"எல்லாம் இந்தக் கட்டைவிரல் பண்ணினது," என்று யூ-யே தெரு முழுக்கச் சொல்லிவைத்தார். வீட்டில் மருமகளிடமும் கேட்டார்: "நீயே சொல்லு, இல்லையா?"

பெய்-சுவான் மறுக்கவில்லை. அவள் கால் அப்போது அத்தையின் கையில் இருந்தது.