ஆட்டோடு அனுப்பியவள்

கல்யாணமாகி மேட்டு நிலத்திலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கி வந்தபோது நெமேசியா சரபுராவுக்குச் சீதனமாக வந்தவை நீண்ட கழுத்துள்ள சுமைமிருகங்களான லாமாக்கள் ஐந்தும் ஒன்பது ஆடுகளும். சிந்தோ என்று எல்லோரும் கூப்பிடும் மாப்பிள்ளை குமெர்சிந்தோவிடம் இருந்தவை மலைச்சரிவில் நான்கு அடுக்குத் திராட்சைத் தோட்டமும், ஒயின் தொட்டிகள் இரண்டு வைத்த ஒரு மண்சுவர் அறையும். லாமாக்களை அவருக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. ஆடுகளோடு மட்டும் முப்பத்தாறு வருஷம் ஓயாத சண்டை.

காரணம் இல்லாமல் இல்லை. கல்சுவரைக் கண்டால் லாமா நின்று யோசிக்கும். ஆடு யோசிக்காது, தாண்டிக் குதித்துத் திராட்சைக் கொழுந்தில் வாய் வைத்துவிடும். "ஒங்க அம்மா வீட்டு ஆளுங்க தோட்டத்துக்கு வந்திருக்காங்க, போய் விருந்து வை" என்பார் சிந்தோ. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. கொடிக்கு எரு போடுகிறவர்களும் அந்த ஆளுங்கதான் என்று திருப்பிக் கொடுப்பாள். ஆனால் குளிர்காலத்தில் மலைமேல் ஈன்ற குட்டியைக் கம்பளிக்குள் நெஞ்சோடு சேர்த்து அணைத்துத் தூக்கி வருகிறவரும் அவரேதான். ஆடு பகை, குட்டி உறவு.

ஐந்து பெருகிப் பதினொன்றாகியிருந்த லாமாக்களில் ஒன்றுக்குக் கோயில்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார். சப்பரத்துக்கு முன்னால் சிலுவை பிடித்துப் போகிறவன் மாதிரி கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடக்கும். மேல் அடுக்குகளிலிருந்து பழக்கூடை இறங்க லாமா முதுகை விட்டால் வேறு வழி கிடையாது. கோயில்பிள்ளை முன்னால் போகாவிட்டால் மற்றப் பத்தும் ஓரடி எடுத்து வைக்காமல் படுத்துவிடும்.

போன ஏப்ரலில், அந்த மலையில் குளிர் தொடங்கும் அறுப்புக் காலத்தில், கீழ் இரண்டு அடுக்கை அறுத்து முடித்து மூன்றாவதில் கை வைத்த அன்று, சிந்தோ கூடையை இறக்கிவிட்டு நிழலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. நெமேசியா ஓடிப்போய்த் தொட்டபோது உடம்பில் சூடு இருந்தது. அந்தச் சூட்டை நம்பி வெகுநேரம் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள் ஆத்துமாவை வழியனுப்ப வேண்டும். இறந்தவருடைய துணிமணிகளை ஆற்றில் அலசி, அவருக்குப் பிரியமான மிருகத்தின் முதுகில் வறுத்த சோளமும் களைப்புக்கு மெல்லும் கோகா இலையும் கொஞ்சம் ஒயினும் சின்னப் பைகளில் கட்டி, அதையும் கூடவே அனுப்புவார்கள். அனுப்புவதென்றால் கத்திதான். அந்தப் பெரிய தூரத்துக்குச் சுமை தூக்கவும் வழிகாட்டவும் ஒரு துணை வேண்டும் அல்லவா. எந்த மிருகம் என்று யாரும் கேட்கக்கூட இல்லை. சிந்தோவின் அக்கா ஹசிந்தா கோயில்பிள்ளைக்கென்றே கறுப்புக் கம்பளிக் கயிறு திரித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

நெமேசியா அண்ணாந்து பார்த்தாள். இரண்டு அடுக்குப் பழம் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று காலையில்தான் மேல் வரப்பில் முதல் உறைபனி வெள்ளையடித்துவிட்டுப் போயிருந்தது.

"கோயில்பிள்ள வேண்டாம் மதினி" என்றாள். "அவன் போயிட்டா மேல இருக்கிற பழம் கீழ வராது. அந்தப் பழந்தான் அவரு உசுரு."

ஹசிந்தா கயிற்றைக் கீழே போட்டாள். "அப்ப என் தம்பிய யாரு கூட்டிட்டுப் போவா?"

பட்டியில் பால் வற்றிப்போன கிழட்டு ஆடு ஒன்று நின்றது. சிந்தோ அதிகம் திட்டியது அதைத்தான். அதுதான் போயிற்று.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஊர்கூடப் பரவாயில்லை, ஹசிந்தா சொன்னதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது. "ஆயுசு முழுக்க ஆட்ட வஞ்சவன ஆட்டோடயே அனுப்பிட்ட. அது நேரா போவுமா? செடி கண்ட எடமெல்லாம் நின்னு மேயும். அவன் கயித்தப் புடிச்சிக்கிட்டு நடுவழியில நிப்பான்."

ஆறு நாளில் பழம் முழுவதும் இறங்கிவிட்டது. சிந்தோ செய்வது போலவே தொட்டியில் காதை வைத்து நுரைக்கும் சத்தம் கேட்டாள். சத்தம் அடங்கியதும் பீப்பாய்க்கு மாற்றினாள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் மேய்ச்சலில் ஓர் ஆடு முள்செடியருகே நின்றுவிட்டால் போதும், அவளுக்குப் பதறும். "நட, நட" என்று கல்லை விட்டெறிவாள். மனுஷனை அனுப்பிவிட்டு ஒயினை வைத்துக்கொண்டேனே என்று ஆட்டிடமே சொல்லி அழுத நாளும் உண்டு.

நவம்பர் முதல் தேதி நண்பகலில் இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள். மறுநாள் நண்பகலில் திரும்பிவிடுவார்கள். நெமேசியா மேசை போட்டாள். அவர் இறங்கி வர ஏணி வடிவத்தில் ஒரு ரொட்டி, சுமையோடு நிற்கும் லாமா வடிவத்தில் ஒரு ரொட்டி. லாமாவுக்குக் கழுத்தை நன்றாக நிமிர்த்திவிட்டிருந்தாள். பீப்பாயைத் திறந்து கோப்பையில் ஊற்றினாள். ஒரு வாய் குடித்தும் பார்த்தாள். நன்றாக வந்திருந்தது, இத்தனை வருஷத்தில் இப்படி வந்ததில்லை. அதைச் சொல்ல வேண்டிய ஆள்தான் இல்லை.

நண்பகல் வந்தது, போனது. வந்ததற்கு அடையாளமாகக் கோப்பையில் ஓர் ஈயாவது உட்கார வேண்டும். உட்காரவில்லை. எதிரே ஹசிந்தா ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் போயிற்று. அவர் வழியில்தான் நிற்கிறார் என்பது நெமேசியாவுக்கு உறுதியாகிவிட்டது.

அப்போது பட்டியைத் தாண்டி வந்த ஓர் ஆடு திறந்திருந்த கதவு வழியாக உள்ளே நுழைந்தது. நேரே போய் மேசையில் முன்னங்கால்களை ஊன்றி, ரொட்டி லாமாவின் கழுத்தைக் கடித்துத் தின்ன ஆரம்பித்தது. நெமேசியா விளக்குமாற்றை ஓங்கினாள்.

ஹசிந்தா எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காத நெமேசியா. என் தம்பி எதுல வந்தானோ, அதுக்கும் பசிக்குமில்ல."

விளக்குமாறு கீழே விழுந்தது. நெமேசியா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். வந்துவிட்டார். தாமதமாக, திட்டிக்கொண்டே, ஆனால் வந்துவிட்டார். வந்தவர் நாளை போகவும் வேண்டும்.

அழுகை ஓய்ந்ததும், மேசையிலிருந்த ஏணி ரொட்டியையும் எடுத்து ஆட்டின் வாயருகே நீட்டினாள்.

"மெதுவாத் தின்னு" என்றாள். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கு."