பதினான்கு மாப்பிள்ளைகளுக்கும் சிலுவார் இல்லை

லோகேஸ்வரிக்கு இரண்டு குரல்கள். ஒன்று, கிள்ளான் ஆபீஸில் போனை எடுத்தவுடன் வருவது. "குட் மார்னிங், தம்புசாமி ஃபார்வர்டிங், ஹவ் மே ஐ ஹெல்ப் யூ?" பேங்க் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் ஏர்கான் காற்றைப் போல ஜில்லென்று இருக்கும். இன்னொன்று, போனை வைத்தவுடன் வருவது. "குரு அண்ணே! லோரிய நடு ரோட்டுல போட்டுட்டு எங்கண்ணே போனீங்க? பின்னால ஒருத்தன் ஹார்ன் அடிச்சே செத்துருவான் போல!"

முதல் குரலுக்குத்தான் ஒன்பது வருடமாகச் சம்பளம்.

பதினெட்டு வயதில், பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். ரிசல்ட்டை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டு கம்போங் மேடான் அடுக்குமாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள் அவள். துறைமுகத்துக்கு வரும் சாமான்களைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுப்பது தம்புசாமியின் தொழில். அவர் ரிசல்ட்டைப் பார்க்கவில்லை. "ஹலோ சொல்லும்மா" என்றார். அவள் "ஹலோ" என்றாள். "ஓகே, நாளைக்கு வந்துரு" என்றார். நேர்காணல் அவ்வளவுதான்.

போன் அடிக்காத நேரங்களில் அவள் பக்கத்து மேசையின் சுங்கப் படிவங்களை, ஆபீஸ் பாஷையில் பாரங்களை, எடுத்துப் படித்தாள். உள்ளே வரும் ஒவ்வொரு பொருளும் தான் என்ன என்பதைச் சுங்கத்திடம் சொல்லியாக வேண்டும். கொட்டாங்கச்சிக் கரிக்கு ஒரு எண், ரப்பர் சிலிப்பருக்கு ஒரு எண், பல் குத்தும் குச்சிக்குக்கூட ஒரு எண். எண்ணைப் பொறுத்துத்தான் வரி. இது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. சனிக்கிழமைகளில் போய்ச் சுங்க ஏஜென்ட் கோர்ஸ் படித்தாள். முதல் தடவை ஃபெயில். இரண்டாம் தடவை பாஸ். அதற்குமேல் அவளைப் பாரம் எழுத விடாமல் இருக்கத் தம்புசாமியிடம் சாக்கு எதுவும் மிச்சமில்லை.

"சரி, அந்த ஜன்னலோர மேசைய எடுத்துக்க" என்றார் ஒருநாள், ஏதோ தன் கிட்னியைக் கொடுப்பதைப்போல. "மூணு மாசம் பாப்போம். ஒரு பாரம் தப்பாப் போச்சுன்னாலும் திரும்ப போனுதான். ஓகேவா?"

"ஓகே பாஸ்."

அந்த மேசையின் இரண்டாவது டிராயர் திறக்காது. லோகேஸ்வரிக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

மூன்றாவது வாரத்தில் பாகிஸ்தானிலிருந்து இரண்டு அட்டைப்பெட்டிகள் வந்தன. இன்வாய்ஸில் 'சூட், பதினான்கு' என்று மட்டும் இருந்தது. வாங்குபவர், பிரிக்பீல்ட்ஸில் மெய்யப்பன் வெட்டிங் வேர். கடைக்குப் போன் போட்டாள். எடுத்தது மெய்யப்பனின் மகள் வைஷ்ணவி. பின்னணியில் மோனோரயிலா, மிக்ஸியா, என்னவோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், என்ன சாமான்னு கொஞ்சம் சொல்றீங்களா?"

"கோ…ட்டு சூட்டுக்கா!"

அவ்வளவுதான் காதில் விழுந்தது. அது போதாதா? அந்தக் கடையை அவளே பார்த்திருக்கிறாள். கண்ணாடிக்குப் பின்னால் தலையில்லாத பொம்மைகள் கோட்டும் சூட்டுமாக வரிசையாக நிற்கும். அந்தக் கோட்டுகளைப் பார்த்துத் தன் அண்ணன் கல்யாணத்துக்கு ஒன்று வாடகைக்கு எடுக்கலாமா என்றுகூட யோசித்திருக்கிறாள். ஆண்களுக்கான சூட், பதினான்கு செட் என்று பாரத்தை நிரப்பி அனுப்பிவிட்டு, கீழே போய்த் தனக்குத்தானே ஒரு தே ஓ ஐஸ், பால் சேர்க்காத ஐஸ் டீ, வாங்கிக் கொடுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலை சுங்கச் சோதனைக் கொட்டகையிலிருந்து அழைப்பு வந்தது.

சுங்க அதிகாரி நோராய்னி குட்டையான மனுஷி. எல்லாருக்கும் அவர் 'புவான்', அதாவது மேடம். கண்ணாடி மூக்கின் நுனியில் நின்றது. பெட்டி திறந்திருந்தது. உள்ளே கறுப்பு நிறத்தில் சாதுவாக மடித்த கோட்டை எதிர்பார்த்து எட்டிப் பார்த்த லோகேஸ்வரியின் கண்ணில் சிவப்பும் மஞ்சளும் பளீரென்று அடித்தன. நெஞ்சில் மின்னல் படம். முழங்கையில் தடித்த பஞ்சு.

"இனி பாஜு கவின் கெ?" என்று மலாயில் கேட்டார் புவான் நோராய்னி. இதுவா கல்யாண உடுப்பு?

லோகேஸ்வரி கையில் இருந்த பாரத்தைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

"பதினாலு சூட்டுன்னு எழுதியிருக்கே. சூட்டுன்னா மேல கோட்டு ஒண்ணு, கால்ல போடுற சிலுவார் ஒண்ணு. இருபத்தெட்டு உருப்படி இருக்கணும். எண்ணிப் பாத்தா பதினாலுதான் இருக்கு." மலாயிலேயே தொடர்ந்த புவான் நோராய்னி பேனாவால் பெட்டியைத் தட்டினார். "மாப்பிள்ளைங்களோட சிலுவார் எங்க?"

பின்னால் சாமான் ஏற்றக் காத்திருந்த லோரி டிரைவர் குரு, வாயில் இருந்த தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

அவள் கொட்டகைக்கு வெளியே ஓடிப்போய் வைஷ்ணவிக்குப் போன் போட்டாள்.

"மேடம், நீங்க கோட்டு சூட்டுன்னுதானே சொன்னீங்க?"

"கோட்டு இல்லக்கா! கார்ட்டு! கோ-கார்ட் சூட்டு! குட்டிக் கார்ல ரேஸ் ஓட்டுறவங்க போடுறது. கீழ விழுந்து ரோட்டுல உரசினாலும் தோலு பிஞ்சி போகாது. அப்பா கம்பெனி பேர்ல வாங்குனேன்." வைஷ்ணவியின் குரல் சட்டென்று இறங்கியது. "என்னக்கா, பிரச்சனையா? ஞாயித்துக்கிழமை ரேஸ்க்கா. பதினாலு பேரு ஓட்டுறோம். இந்த சூட்டு இல்லாம உள்ளயே விட மாட்டாங்க. அம்பாங்லேருந்து செலாயாங் வரைக்கும் ஆளு சேத்து வச்சிருக்கேன்."

ஒன்பது வருடம் போனில் கேட்டே பிழைத்தவள், தன்னுடைய முதல் பெரிய தப்பைப் போனில் கேட்டுத்தான் செய்திருந்தாள்.

விஷயம் அவளுக்கு முன்னால் ஆபீஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. குருவின் வாய் அவன் லோரியைவிட வேகம்.

"கல்யாண உடுப்பா?" என்றார் தம்புசாமி. கோபம் வந்தால் அவர் ஒரே வார்த்தையை மூன்று சுதியில் பாடுவார். "கல்யாண உடுப்பா! கல்யாண… உடுப்பா?"

"பாஸ், தப்பு என்னோடதுதான். பாரத்தைத் திருத்திக் குடுக்கறேன்."

"என்னான்னு திருத்துவ? சும்மா ஸ்போர்ட்ஸ் சாமான்னு போட்டுடு. ரேக்கெட், பந்து, அதுங்களோட சேத்துடு. வரி கம்மியா வரும்லா, கஸ்டமரும் குளுந்து போயிருவாங்க. சட்டுனு வெளிய வந்துரும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. லோகேஸ்வரி தன் மேசையில் உட்கார்ந்து, தலையணை தடிமனில் இருந்த வரிப் புத்தகத்தைத் திறந்தாள். விளையாட்டுப் பொருள்களின் அத்தியாயத்துக்குப் போனாள். யாரும் படிக்காத சின்ன எழுத்துக் குறிப்புகள் அதன் தலைப்பில் இருந்தன. விரலை வைத்து வைத்துப் படித்தாள். விளையாட்டுக்கான துணி உடுப்புகள் இந்த அத்தியாயத்தில் சேராது. முழங்கையிலும் முழங்காலிலும் பாதுகாப்புக்குப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தாலும் சேராது. உடுப்பு உடுப்புதான்.

அப்படியே பின்னால் புரட்டி உடுப்பு அத்தியாயத்துக்கு வந்தாள். அங்கேயும் சின்ன எழுத்து. சூட் என்றால் இரண்டு அல்லது மூன்று உருப்படி சேர்ந்த செட். புவான் நோராய்னி சொன்னது அட்சரம் பிசகாமல் இருந்தது. கழுத்திலிருந்து கால்வரை ஒரே உருப்படியாக இருப்பது சூட் ஆகாது. ரேஸ் ஓட்டுகிற உலகம் மொத்தமும் அதை சூட் என்றே கூப்பிட்டாலும் இந்தப் புத்தகத்துக்குக் கவலையில்லை. நெய்த துணியில் தைத்த 'மற்ற உடுப்புகள்' என்று ஒரு வரி தனியாக இருந்தது. அதுதான் அதன் வீடு.

"பாஸ், ஸ்போர்ட்ஸ் சாமான்னு போட முடியாது. அது துணிதான். அப்படிப் போட்டா முதல்ல நடந்தது தப்பு, இப்ப நடக்கறது பொய்யி."

தம்புசாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். ஒன்பது வருடத்தில் அவள் அவரிடம் 'முடியாது' என்றது இதுதான் முதல் தடவை. "போ. உன் பாரம், உன் பேரு. புவான் ஒத்துக்கலன்னா திங்கக்கிழமை நீ போன்கிட்ட உக்காந்துருக்கணும்."

வியாழக்கிழமை அவள் திருத்திய பாரம், தப்பு எப்படி நடந்தது என்ற கடிதம், வைஷ்ணவி அனுப்பிய துணி விவரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். கடிதத்தைப் போன் குரலில் எழுதிப் பார்த்தாள், அது பேங்க் விளம்பரம் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தாள். 'கோ-கார்ட்' என்று வாடிக்கையாளர் சொன்னது என் காதில் 'கோட்' என்று விழுந்தது. எங்கள் பாஷையில் கோட்டும் சூட்டும் சேர்ந்தே வரும். கல்யாணக் கடை என்பதால் நான் மறுபடி கேட்கவில்லை.

புவான் நோராய்னி அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடி இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. சிரிப்பை எங்கேயோ உள்ளுக்குள் பூட்டி வைத்துவிட்டு, வேலையை ஆரம்பித்தார்.

"முழங்கையில பஞ்சு இருக்கு. அப்ப இது விளையாட்டுச் சாமான் இல்லயா?"

"இல்ல புவான். பஞ்சு வச்சாலும் உடுப்புதான். குறிப்புல இருக்கு."

"துணி பின்னினதா, நெய்ததா?"

"மணிக்கட்டுல இருக்கற பட்டை பின்னினது. உடம்பு முழுக்க நெய்தது."

"ஒரே உருப்படின்னு எழுதியிருக்க." அவர் ஒன்றைத் தூக்கிப் பிடித்து இடுப்பில் இருந்த பெல்ட்டை இழுத்தார். அது சர்ரென்று பிரிந்தது. "இங்க தனித்தனியா கழலுற மாதிரி இருக்கே? அப்ப மேல ஒண்ணு, கீழ ஒண்ணுதானே?"

லோகேஸ்வரி கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். பெல்ட்டுக்கு அடியில் தையல் ஓடியது. அது பிரியுமா பிரியாதா என்று தூரத்தில் இருந்து சொல்ல முடியவில்லை.

"புவான், நான் போட்டுக் காட்டவா?"

"கிழிச்சிராத."

சுடிதாருக்கு மேலேயே காலை விட்டாள். அது ஆறடி ஆளுக்குத் தைத்தது. அவள் ஐந்தடிக்கும் குறைவு. கால் துணி இரண்டு கையளவு தரையில் கிடந்தது. கையை விட்டதும் விரல்கள் காணாமல் போயின. ஜிப்பை அடியிலிருந்து கழுத்துவரை ஒரே இழுப்பில் ஏற்றினாள். நெஞ்சில் மின்னல். பிறகு இடுப்பில் இரண்டு கையையும் வைத்து மேலும் கீழுமாகப் பலம்கொண்ட மட்டும் இழுத்தாள். பிரியவில்லை. குனிந்தாள், நிமிர்ந்தாள், ஒரு தடவை குதித்தும் காட்டினாள்.

"பாத்தீங்களா புவான்? இதுல சிலுவார மட்டும் கழட்டணும்னா மொத்த மாப்பிள்ளையையும் கழட்டணும்!"

அது இரண்டாவது குரல். கொட்டகையின் தகரக் கூரைவரை போய்த் திரும்பி வந்தது. குரு லோரிக் கதவில் சாய்ந்துகொண்டு, "லோகா, எங்க ரேஸு? ஹெல்மெட் வேணுமா, என் பானையத் தரவா?" என்று கத்தினான். பூட்டி வைத்திருந்த சிரிப்பு புவான் நோராய்னியிடமிருந்து வெளியே வந்தேவிட்டது. கண்ணாடி மூக்கிலிருந்து விழுந்து, கயிற்றில் தொங்கியது.

அவர் ஜிப்பையும் தையலையும் படம் எடுத்துக்கொண்டார். "திருத்தத்த மேல அனுப்பறேன். அடுத்த தடவ போன்ல கேட்டத நம்பாத. படம் அனுப்பச் சொல்லு."

வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகு அனுமதி வந்தது. உடுப்புக்கான வரியை வைஷ்ணவி கட்டினாள். முணுமுணுத்தாள்தான், ஆனால் பெட்டியைக் குருவின் லோரியில் பார்த்ததும் வீடியோ காலில் குதித்தாள். "அக்கா, நீங்க போட்டுப் பாத்தது எதுக்கா? அத நான்தான் போடுவேன்!"

"உங்க காலு அதுக்குப் பத்தும். என் காலுதான் பத்தல."

திங்கட்கிழமை லோகேஸ்வரி எட்டு மணிக்கே வந்துவிட்டாள். எந்த நாற்காலியில் உட்காருவது என்று தெரியாமல் கைப்பையோடு நின்றாள். தம்புசாமி ஒரு ஸ்க்ரூடிரைவரோடு ஜன்னலோர மேசையின் இரண்டாவது டிராயருடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. அவள் திரும்பினாள்.

"நீ உக்காரு" என்றார். முட்டியைத் தட்டிக்கொண்டே எழுந்து போய் எடுத்தார். தொண்டையைச் செருமினார். அறுபத்திரண்டு வயதில், ஒன்பது வருடமாகக் கேட்டுக் கேட்டுப் பழகியதை முதல் தடவை சொல்லிப் பார்த்தார். "குட்… மார்னிங். தம்புசாமி ஃபார்வர்டிங். ஹவ் மே… ஐ… என்னா வேணும்?"

கொஞ்ச நேரம் கேட்டார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார்.

"லோகா, யாரோ 'போர்டு' வருதுங்கறாங்க. இருநூறு."

"என்ன போர்டு பாஸ்? எழுதற போர்டா, பலகையா, சர்ஃபிங் போர்டா?" அவள் கைப்பையை மேசையில் வைத்தாள். "படம் அனுப்பச் சொல்லுங்க."