பதில் கோப்பில் பிள்ளையார் சுழி

எங்கள் வில்லியனூர் மகளிர் குழுவின் ஆறு பழைய கணினிகளிலும் இன்றே லினக்ஸ் இயங்குதளம் ஏற்றியாக வேண்டும். நாளை வகுப்பு.

ஏற்றும்போது லினக்ஸ் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் ஒரே கோப்பில் பதில் எழுதிவைத்தால், ஆள் இல்லாமலே ஏறிவிடும். எழுதினேன்.

ஏறவில்லை. முதல் வரியே பிழையாம்.

"இன்னாடி, ஆளே வாணாம்னியே?" என்றார் குழுவின் மேரி அக்கா.

முதல் வரியில் இருந்தது, எதை எழுதினாலும் நான் போடும் 'உ'.

"அத்த எடுத்துடேன்."

"பிள்ளையாரையா? மாட்டேங்க்கா."

முன்னால் # போட்டால் அந்த வரியைக் கணினி படிக்காமல் தாண்டிவிடும். போட்டேன்.

"அப்டியே எங்க மாதாவுக்கும் ஒண்ணு போடுடி."

ஆறிலும் ஏறிவிட்டது. கணினியே கண்டுகொள்ளாத இரண்டு சாமிகள் உள்ளே இருக்கிறார்கள்.

வேலை நடந்தது யாரால் என்று நீங்களே சொல்லுங்கள்.