மகளின் காப்புறுதி அட்டையும் ஏழாம் மாதமும்

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். அதை ஒளித்து வைக்கிற பழக்கம் எனக்கில்லை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த சாரத்தோடு கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியபோது என்னிடம் இருந்தது ஒரு வாய் மட்டும்தான். அந்த வாயை வைத்துத்தான் மீன் கூடை சுமந்தவன் மீன் வாங்குகிறவன் ஆனேன். பிறகு கூலர் லொறி வைத்திருக்கிற முதலாளி ஆனேன். யுத்த நேரம் சோதனைச் சாவடியில் லொறியை மறித்தால், ஐஸ் உருகுவதற்குள் கதைத்து எடுத்துக்கொண்டு போய்விடுவேன். படித்த பிள்ளைகள் கடிதம் எழுதிக் காத்திருந்த அரசாங்கக் கந்தோர்களில் நான் சும்மா உள்ளே போய்க் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து காரியத்தை முடித்திருக்கிறேன். என் வாய்க்குத் திறக்காத கதவு இந்தக் கரையில் இல்லை என்று நானே சொல்லித் திரிந்தேன். மற்ற ஆக்களும் ஒத்துக்கொண்டார்கள்.

டீசல் இல்லாத வருஷம் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போனது. படகுகள் மணலில் கிடந்தன. லொறிகள் எண்ணெய் வரிசையில் நின்று நின்று கடைசியில் வேறு ஆட்களின் வளவுக்குப் போய்ச் சேர்ந்தன. இப்போது நான் ஓட்டுவது ஒரு த்ரீவீல். ஆனாலும் கற்பிட்டியில் என்னை முதலாளி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த மரியாதையை எந்த வரிசையும் பறிக்கவில்லை.

எனக்கு ஒரே மகள். கணக்குப் படிப்பு முடித்து, கண்டக்குழியில் ஒரு ஹோட்டலில் கணக்குப் பகுதியில் வேலை. காற்றுக் காலம் வந்தால் பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் சறுக்குவதற்கு வெள்ளைக்காரர்கள் வந்து இறங்குவார்கள். காற்று விழுந்தால் அவர்களும் போய்விடுவார்கள், சீசன் ஆட்களையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மகளும் முதலில் சீசன் ஆள்தான். வெள்ளைக்காரர்கள் திரும்பி வரத் தொடங்கிய வருஷம் அவளை நிரந்தரமாக்கினார்கள். நிரந்தர ஆட்களுக்கு மட்டும் ஒரு காப்புறுதி அட்டை உண்டு. அதைக் காட்டினால் கொழும்பில் பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் படுக்கலாம். லொறிகள் போன பிறகு எங்கள் வீட்டில் பெறுமதியான சாமான் என்று இருந்தது அந்த அட்டைதான். நான் தேத்தண்ணீர்க் கடையில் அதைப் பற்றிக் கதைக்காத நாளில்லை.

அட்டை கிடைத்த நேரம் மகள் மாசமாக இருந்தாள். மருமகன் கட்டாரில் சாரதி. லீவில் வந்து போயிருந்தார். அதற்கு முந்தி இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போயிருந்தன. ஒவ்வொரு முறையும் கர்ப்பம் தெரிந்த கிழமையே ஊருக்கெல்லாம் சொல்லி இனிப்புக் கொடுத்தவன் நான். இந்த முறை என் மனைவி வீட்டுக்குள் சட்டம் போட்டுவிட்டாள். ஏழாம் மாதம் பிறக்கும்வரை ஒரு குருவிக்கும் தெரியக் கூடாது. எங்கள் பகுதியில் இது புதிதில்லை. கண்ணூறுக்குப் பயந்து சொந்தச் சகோதரிக்கே சொல்லாமல் இருப்பார்கள். மகள் போடுவது உடம்பெல்லாம் மூடுகிற அபாயா. அதை ஒரு அளவு கூட்டித் தைத்துக்கொண்டால் வயிறு யாருக்கும் தெரியாது. நிரந்தரமாக்கிய கையோடு பிள்ளை என்றால் ஹோட்டலில் என்ன நினைப்பார்களோ என்ற பயமும் மகளுக்கு இருந்தது. இரண்டு பயமும் சேர்ந்து அவள் வாயைக் கட்டிப் போட்டன.

அட்டை கொடுப்பதற்கு முன்னால் காப்புறுதிக் கம்பனியிலிருந்து ஒரு பெண் உத்தியோகத்தர், ஒரு நோனா, வந்திருக்கிறார். ஹோட்டலின் சாப்பாட்டு மண்டபத்தில் மேசை போட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். சீனி வருத்தம் இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, சத்திரசிகிச்சை செய்ததா. பொம்பிளைகளிடம் கர்ப்பமா என்றும் கேட்டார். மகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றது எங்கள் பக்கத்து வளவுக்காரி. அவளும் அங்கே அறை துப்புரவாக்குகிற வேலை. என் மனைவி ஊரிலேயே அவளுடைய கண்ணுக்குத்தான் கூடப் பயந்தவள். மகள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் நடந்தது.

ஐந்தாம் மாதம் புத்தளத்தில் ஒரு டொக்டர் நோனா பார்த்துவிட்டு, கர்ப்பப்பை வாய் பலமில்லை என்றார். தையல் போட்டார்கள். மகள் காய்ச்சல் என்று சொல்லி ஹோட்டலில் இரண்டு நாள் லீவு எடுத்தாள். இனிப் படுத்தே இருக்க வேண்டும், குறைமாதத்தில் வலி வந்தால் குட்டிப் பிள்ளைகளைப் பார்க்கிற வசதியுள்ள இடத்துக்கு உடனே போக வேண்டும், அட்டை இருந்தால் கொழும்பில் இப்போதே பதிந்து வையுங்கள் என்று டொக்டர் சொன்னார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அட்டை இருக்கிறது என்றேன்.

அடுத்த நாள் வெள்ளைச் சேர்ட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஹோட்டல் மெனேஜரைப் பார்க்கப் போனேன். சிலாபப் பக்கத்துச் சிங்களப் பொடியன், தமிழ் நன்றாகக் கதைப்பான். எனக்குக் கதிரை போட்டு இளநீர் வெட்டிக் கொடுத்தான். நான் முதலில் என் லொறிக் கதையைச் சொல்லி, பிறகு விஷயத்துக்கு வந்தேன். அவன் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"முதலாளி, அந்த நோனா கேக்கக்குள்ள நானும் பக்கத்தில இருந்தன். உங்கட மகள் இல்லையெண்டு சொன்னா."

"எங்கட ஆக்கள் ஏழு மாசம் வரைக்கும் சொல்ல மாட்டாங்க தம்பி. கண்ணூறு."

"என்ட பொஞ்சாதியும் சொல்லல்லதான். அவட அம்மாவுக்கே பிந்தித்தான் தெரியும். ஆனா காப்புறுதிக்காரங்களுக்குச் சொல்லியிருக்க வேணும். உங்கட பேரப்பிள்ளையில அவங்களுக்கு என்ன பொறாமை?"

அப்போது ஓம் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று கேட்டேன்.

"அப்படியே எழுதியிருப்பாங்க. பிள்ளை பெறுறதும் அதுக்குள்ள வந்திருக்கும்."

இனி உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டால் என்ன என்றேன். இப்போது போய்ச் சொன்னால் பொய் சொன்னதாக எடுப்பார்கள், அட்டையும் போகும், ஆளையும் திருப்பிச் சீசனுக்குப் போடுவார்கள் என்றான். நீண்ட லீவு கேட்டால் டொக்டர் துண்டில் காரணம் இருக்கும், அது மேலிடத்துக்குப் போகும். "நீங்க வந்ததையும் கதைச்சதையும் நான் மறந்துட்டன்" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். சண்டை பிடிக்கவும் ஆளில்லை எனக்கு. சாவடியில் துவக்கோடு நின்றவர்களைக் கதைத்து மடக்கின நான், இளநீர் வெட்டித் தந்த ஒரு பொடியனுக்கு முன்னால் சொல் இல்லாமல் எழும்பி வந்தேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி சுவரைப் பார்த்து அழுதாள். வேலையை விடு என்று மகளிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

"நான் வேலையை விட்டா இந்த வீட்டில உழைக்கிறது ஆரு வாப்பா?"

மருமகனின் கம்பனியிலும் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். நான் த்ரீவீல் என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் பாணைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால் வேலைக்குப் போனாள். நான்தான் காலையில் கொண்டுபோய் விட்டுப் பின்னேரம் கூட்டி வந்தேன். கண்டக்குழி மணல் ரோட்டில் ஒவ்வொரு பள்ளமும் எனக்குப் பாடம். நடந்து போகிறவர்கள் எங்களை முந்திப் போனார்கள். த்ரீவீலும் கிழடாப் போச்சா முதலாளி என்று பொடியன்மார் பகிடி பண்ணினார்கள். நானும் ஏதோ பகிடி சொன்னேன். கந்தோரில் அவளால் படுக்க முடியாது. மேசைக்குக் கீழே ஒரு வெற்றுப் பெட்டியை வைத்து அதில் காலைத் தூக்கி வைத்திருந்தாளாம்.

ஏழாம் மாதம் பிறக்க ஒரு கிழமை இருந்தது. அது பிறக்கிற வெள்ளிக்கிழமை வட்டிலப்பம் செய்து ஊருக்குக் கொடுப்பதென்றும், வருவது வரட்டும் என்று திங்கட்கிழமை மகள் பிரசவ லீவுக்கு எழுதிக் கொடுப்பதென்றும் வீட்டில் பேசியிருந்தோம். கருப்பட்டி வாங்கி வைத்தாயிற்று. புதன்கிழமை பின்னேரம் மகள் த்ரீவீலில் ஏறும்போது என் தோளைப் பிடித்தாள். அந்தப் பிடியிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்து அம்புலன்சில் சிலாபத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு இடத்திலும் ஓடி ஓடித்தான் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொன்னால் அல்லாஹ் என்னைக் கேட்பான். ஆம்பிளைப் பிள்ளை. உயிர் இல்லை.

பிள்ளையின் மையத்தை அடக்கம் செய்ய நான்தான் கையில் ஏந்திக்கொண்டு போனேன். என் வாழ்நாளில் எவ்வளவு பாரம் தூக்கியிருக்கிறேன் என்று இந்தக் கரைக்கே தெரியும். அது பாரமே இல்லை. பாரம் இல்லாததுதான் தாங்க முடியாமல் இருந்தது.

இனி மறைக்க ஒன்றுமில்லை. லீவுக்கு எழுதிக் கொடுத்தோம். மெனேஜர் போனில் எடுத்து, சொல்லத் தெரியாமல் சொன்னான். பிள்ளை உயிரோடு இருந்தால்தான் முழு லீவாம். இல்லாவிட்டால் பாதிதானாம். சட்டமே அப்படியாம்.

"மத்தப் பாதி பிள்ளையைத் தூக்கி வச்சிருக்கிறதுக்கா தம்பி?" என்று கேட்டேன். அவன் மேலிடத்துக்கு என்ன எழுதினானோ தெரியாது, மகளை நிரந்தரத்திலேயே வைத்துக்கொண்டார்கள். அட்டையும் கையில்தான் இருக்கிறது.

அந்தப் பாதி லீவுக்குள் என் மனைவியும் மகளும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு துணி கிழித்து மகளின் பால் சுரந்த நெஞ்சைக் கட்டினார்கள். அதைப் பற்றி ஆம்பிளை நான் இதற்கு மேல் சொல்லக் கூடாது. பக்கத்து வளவுக்காரி கேள்விப்பட்டு ஓடி வந்தாள். வாசலில் நின்று என் மனைவியைப் பார்த்து, "எனக்குப் பயந்தா சொல்லாம இருந்தீங்க ராத்தா?" என்று கேட்டாள். மனைவி சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தப் பொம்பிளை கொண்டு வந்த கஞ்சியை மகள்தான் எழும்பி வந்து வாங்கினாள்.

மகள் திரும்பவும் வேலைக்குப் போனாள், அதே அபாயாவோடு. வயிறு இருந்ததே தெரியாத இடத்தில் அது இல்லாமல் போனதும் தெரியவில்லை. மெனேஜருக்கும் பக்கத்து வளவுக்காரிக்கும்தான் தெரியும், இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. குசினியில் சமைக்கிறவர்கள் டெங்கு என்று நினைத்திருக்கிறார்கள். மெலிந்து வடிவாகிவிட்டாய் என்று ஒருத்தி சொன்னாளாம்.

போன மாதம் காப்புறுதி புதுப்பிக்க அதே நோனா வந்திருக்கிறார். அதே மண்டபம், அதே மேசை. பின்னேரம் மகள் த்ரீவீலில் ஏறி, கொஞ்சத் தூரம் போனதும் பின்னாலிருந்து சொன்னாள்.

"இண்டைக்கும் கேட்டாங்க வாப்பா."

நான் ரோட்டைப் பார்த்தபடி என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"இல்லையெண்டுதான்."

இந்த முறை அது உண்மை. நான் கதைத்தே பிழைத்தவன், ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவளை ஏற்றிக்கொண்டு பள்ளம் பார்த்துப் பார்த்து மெதுவாகவே ஓட்டினேன். மெதுவாகப் போக இப்போது காரணம் ஒன்றும் இல்லை என்பது வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.