வேலுசாமி கொண்டுபோன வெறும் பிளாப்பி

கலைச்செல்வியை வாய்க்காரி என்று ருவான்வெல்லைக் கடைத்தெருவில் சொல்லுவார்கள். சொல்லட்டும். றப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் மகள், கேகாலைக்குப் போய் டைப்பிங் படித்து, கபூர் முதலாளியின் கடையில் கணினிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவள். கலியாணமோ கருமாதியோ, சுற்றுத் தோட்டத்துக்காரர்கள் தமிழில் நோட்டீஸ் அடிக்க அவளைத்தான் தேடி வருவார்கள். 'நம்ம புள்ள' என்ற அந்த நம்பிக்கையைத் தவிர அவளுக்கு வேறு சொத்து கிடையாது.

2004இல் அதற்கே உலை வைத்தார்கள். கொழும்பில் படிக்கும் முதலாளியின் மருமகன் இப்திகார் லீவில் வந்தான். வைரஸ் தொல்லை என்று விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸைப் போட்டான். மறுநாள் காலையில் அவள் வந்து பார்த்தால், ஸ்டார்ட் இருந்த மூலையில் வேறு என்னவோ படம். சி டிரைவைக் காணோம். பழக்கதோஷத்தில் இரண்டு தடவை தட்டினால் எல்லாமே இரண்டிரண்டாகத் திறந்தது. ஆறு மாதமாக அவள் அடித்து வைத்தவை எந்த மூலையில் கிடக்கின்றன என்று தேடவே அரை நாள் போனது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா? சமையல்காரியைக் கேட்காமல் அடுப்பை இடம் மாற்றுவார்களா?

பல்லைக் கடித்துக்கொண்டு பழகினாள். அந்த வாரம் கோயில் கமிட்டித் தலைவர் வேலுசாமி திருவிழா நோட்டீஸோடு வந்தார். லயம் லயமாக, தோட்டத்து வீட்டு வரிசை ஒவ்வொன்றுக்கும், உபயகாரர் பெயர்கள். ஒரு பெயர் விட்டுப்போனாலும் சாமி தூக்க ஆள் வராது. கவனமாக அடித்து, பிளாப்பியில் போட்டு, எப்போதும் போல டிரைவின் விளக்கு அணைந்ததும் உருவிக் கொடுத்தாள். அவர் வேலைக்குப் போகாமல், ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, விட்டுவிட்டு, கேகாலை அச்சகத்துக்கு பஸ் ஏறினார்.

பிற்பகல் திரும்பி வந்து பிளாப்பியை மேசையில் வைத்தார்.

"உள்ளுக்கு ஒண்ணுமே இல்லையாம் புள்ள. அச்சுக்கார மாத்தயா சிரிக்கிறாரு. நாளைக்குள்ள குடுக்காட்டி காப்புக் கட்டுக்கு முந்தி கிடைக்காதாம்."

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கபூர் முதலாளி அவளைத்தான் முறைத்தார். "சிஸ்டம் நல்ல சிஸ்டம். நீ என்னமோ பிழை செஞ்சிருப்ப."

இப்திகார் எட்டிப் பார்த்தான். "அன்மவுண்ட்னு அமுக்காம எடுத்தீங்களா? இதுல அத செஞ்சாத்தான் பிளாப்பியில ஏறும். சொல்ல மறந்துட்டேன்."

மறந்துவிட்டானாம். எழுந்து நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

"ஒக்காருங்க தம்பி. நீங்களே பிளாப்பியில ஏத்துங்க. நாளைக்கு மொத பஸ்ஸுல நீங்களே கொண்டுபோய்க் குடுத்துட்டு, நோட்டீஸோட வாங்க. வேலுசாமி மாமா இன்னொரு நாள் பேர விட மாட்டாரு."

"அவன் எதுக்கு புள்ள?" என்றார் முதலாளி. "யாரையும் அனுப்பலாம்தானே?"

"மறந்தது அவரு, முதலாளி. சிரிப்பு வாங்கினது எங்க மாமா. நாளைக்கு லயத்துல பேச்சு வாங்கப்போறது நான். எனக்கு என்னா தெரியும்னு நெனச்சித்தான ஒரு வார்த்தை சொல்லல?"

இப்திகார் உட்கார்ந்தான். எங்கே அமுக்குகிறான் என்று அவன் தோளுக்குப் பின்னால் நின்று கவனமாகப் பார்த்துக்கொண்டாள்.