வெள்ளம் வடியும் அத்தியாயம்

உலகப் புராணக் கதைகளை ஒரு பாடமாகவே வைக்கப்போகிறோம், படிவம் நான்கில் படிக்கும் பதினாறு வயது மாணவர்களுக்கு, மூன்று புத்தகங்களை நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுங்கள் என்று பள்ளி முதல்வர் சொன்னபோது நான் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சரி என்றேன். முதல்வர் சீனப் பெண்மணி, நிதானமானவர். பள்ளி விடுமுறை முடிவதற்குள் கொடுத்தால் போதும் என்றார். நான் அன்று மாலையே தேட ஆரம்பித்துவிட்டேன்.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில இலக்கியம் கற்றுத்தருகிறேன். வீடு கிள்ளானில், தாமான் என்று நாங்கள் சொல்லும் ஒரு குடியிருப்புப் பகுதியில். இப்படி ஒரு பாடம் என்றாவது வரும் என்று பல வருடங்களாகப் புத்தகம் சேர்த்துவைத்தவள் நான். கிரேக்கம், எகிப்து, பனி நாடுகள், ஆப்பிரிக்கா, நம்முடையது என்று ஒரு சுவர் முழுக்க இருந்தது. சில வருடங்களுக்கு முன்பு ஒரு டிசம்பரில் எங்கள் தாமானுக்குள் வெள்ளம் புகுந்தபோது அவ்வளவும் போயிற்று.

வெள்ளத்தில் புத்தகங்கள் மிதந்து போய்விடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் ஒன்றுகூட மிதக்கவில்லை. தண்ணீரைக் குடித்து ஊதி, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, அலமாரிக்குள்ளேயே இறுகிவிட்டன. தண்ணீர் இறங்கியபின் ஒன்றைக்கூட உருவ முடியவில்லை. என் கணவர் கடைசியில் சுத்தியல் எடுத்து அலமாரியை உடைத்தார். மண்வெட்டியால் வாரி லோரியில் போட்டார்கள். சோபா, மெத்தை, அரிசி மூட்டை, புத்தகம் எல்லாம் ஒரே சேற்று நிறத்தில் போயின.

அதற்குப்பின் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத குணம் ஒன்று எனக்கு வந்துவிட்டது. வானம் இருட்டினால் வாசலுக்குப் போய்ச் சாக்கடையை எட்டிப் பார்ப்பேன். வகுப்பில் இருந்தால் பாடத்தைச் சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் நடந்துவிடுவேன். மாணவர்களுக்குப் பழகிவிட்டது. நான் நகர்ந்தால் அவர்களும் வெளியே மழையா என்று பார்ப்பார்கள்.

முதலில் பிரிக்பீல்ட்ஸ் போனேன். ரயில் நிலையத்திலிருந்து நடந்து, மாலை கட்டுகிற கடைகளைத் தாண்டி, எனக்குப் பழக்கமான தமிழ்ப் புத்தகக் கடைக்கு. பிள்ளைகள் வாசிக்கப்போவது ஆங்கிலத்தில்தான். ஆனாலும் நம் கதைகளைத் தமிழில் ஒருமுறை படித்துவிட்டால்தான் ஆங்கிலப் புத்தகம் சரியாகச் சொல்கிறதா என்று எனக்குத் தெரியும். கடைக்கார அக்கா கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"என்னா தேடுறீங்க டீச்சர்?"

"புராணக் கதைக்கா. எல்லா நாட்டுக் கதையும் சேர்ந்த மாதிரி இருந்தா நல்லது. பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கணும்."

"சாமி புக்கா, கதை புக்கா? சாமி புக்குன்னா இந்தப் பக்கம். கதைன்னா அங்க மேல."

"ரெண்டும் ஒண்ணா இருக்கணும்கா."

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "அப்படி ஒரு ஷெல்ஃப் நம்மகிட்ட இல்லலா."

இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டேன். அந்தக் கையோடு பங்சாரில் ஒரு கடைக்குப் போய் ஆங்கிலப் புத்தகங்களை வாரிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வரும் ரயிலில் ஒன்றைத் திறப்பேன், இரண்டு ஸ்டேஷன் தாண்டியதும் மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பேன். எதிலும் மனம் நிற்கவில்லை. தடிமனான ஒன்றில் பாதிப் புத்தகம் கிரேக்கமாகவே இருந்தது. நமக்குப் பத்துப் பக்கம். போர்னியோ மக்களுக்கு அரைப் பக்கம், அதுவும் அவர்கள் எல்லாரும் செத்துப்போய்விட்ட மாதிரி, 'நம்பினார்கள்', 'வணங்கினார்கள்' என்று. எங்கள் பள்ளியிலேயே போர்னியோவின் சரவாக்கிலிருந்து வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இதை எப்படி அவர்கள் கையில் கொடுப்பது?

சரித்திரம் கற்பிக்கும் மலாய் ஆசிரியை என் தோழி. விடுமுறையிலும் வேலையாகப் பள்ளிக்கு வந்திருந்தார். கேன்டீனில் புத்தகங்களை அவர் முன்னால் பரப்பினேன். ஒரு பக்கத்தில் விரலை வைத்து என் பக்கம் திருப்பினார். பெருவெள்ளம் வருமுன் கப்பல் கட்டிய நபியின் கதை அது. கட்டுக்கதைகள் என்ற தலைப்பின் கீழ் போட்டிருந்தார்கள்.

"பெற்றோர்கள் போன் பண்ணுவார்கள், அது வேறு விஷயம்," என்றார் மலாயில். "எனக்கே இது கஷ்டமாக இருக்கிறது. உனக்குக் கஷ்டமாக இல்லையா? உங்களுடையதும் இங்கேதானே இருக்கிறது."

இருந்தது. மீன் வந்து எச்சரிக்கும் நம் கதை அடுத்த பக்கத்திலேயே இருந்தது. பொய், உண்மை என்று பிரிக்காமல், மனிதர்கள் வெள்ளத்தைப் பற்றி என்னென்ன சொல்லி வந்திருக்கிறார்கள் என்று தொடங்கு, நம்புகிறவர்கள் நம்பட்டும், மற்றவர்கள் கேட்கட்டும் என்றார் தோழி. எனக்கு அது சரியான வழியாகப் பட்டது. எந்த நாட்டிலும் ஒரு வெள்ளம் இருக்கிறது. வகுப்பில் இருக்கும் யாருக்கும் அது அந்நியமாக இராது. முதல் பாடம் வெள்ளம் என்று முடிவு செய்தேன்.

அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் வெள்ளத்தைத்தான் திறந்தேன். என் கணவர் பக்கத்து ஊரான மேருவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வேலை முடிந்து வந்தவர் சாப்பாட்டு மேசையில் புத்தகங்களுக்கு நடுவே தட்டை வைக்க இடம் தேடினார்.

"ஒரு புக்கையும் நீ மொதல்லேருந்து படிக்க மாட்டேங்குற," என்றார். "எடுத்தவுடனே தண்ணி எங்க இருக்குன்னு தேடிப் போற."

"மொத பாடம் அதுதான். அதான் பாக்குறேன்."

"பாடத்துக்குத்தானா?"

நான் அடுத்த புத்தகத்தைத் திறந்தேன். அவரும் மேலே கேட்காமல் புத்தகங்களை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார்.

விடுமுறையில் வாசிப்பு முகாம் ஒன்று நடக்கும். அதற்கு வந்த மாணவர்களிடம் ஒரு புத்தகத்தைச் சோதித்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். பெரிய பெரிய வண்ணப் படங்களோடு இருந்ததைக் கொண்டுபோனேன். பார்க்க எல்லாருக்கும் பிடித்தது. கடல் நீலத்தில் தண்ணீர், அதன்மேல் கப்பல், ஜன்னலில் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து. ஒருவர் மாற்றி ஒருவர் வாசித்தார்கள். ஷா ஆலமிலிருந்து வரும் ஒரு தமிழ்ப் பெண்ணின் முறை வந்தது. அதிகம் பேசாத பெண். வாசிக்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி இப்படி நீலமா இருக்காது டீச்சர்," என்றாள்.

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பிறகு தங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வந்த அன்று நடந்ததை ஆங்கிலத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல ஆரம்பித்தாள். அவர்கள் வீட்டில் மாடி கிடையாது. அப்பா பின்சுவரில் ஏறி, அம்மாவையும் அவளையும் பக்கத்து வீட்டு மாடிக்குத் தூக்கிவிட்டார். அங்கே முன்பின் பேசியிராத ஒரு குடும்பம். ஒரே அறையில் எல்லாரும் இருந்து ஒரு டின் பிஸ்கட்டைப் பங்கு போட்டார்கள். கீழே அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மிதந்து மிதந்து கூரையில் முட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம். நாயை அவிழ்த்துவிட மறந்துவிட்டார்கள் என்று அம்மாவுக்குப் பாதியில்தான் ஞாபகம் வந்தது. அப்பா திரும்ப இறங்கினார்.

"அப்புறம்?" என்று ஒரு பையன் தமிழில் கேட்டான்.

"அவுத்து விட்டாரு. அது நீந்திப் போச்சு. எங்க போச்சுன்னு அன்னிக்கு தெரியல."

அதன்பின் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். படகு கேட்டுக் கத்தியது, கார் அலாரம் தண்ணீருக்கடியில் அடித்துக்கொண்டே இருந்தது, மாமா வீட்டில் பாம்பு வந்தது. வெள்ளத்தைப் பார்க்காத பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர் பாட்டில் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன். வெளியே வெயில்தான் அடித்தது. நான் திரும்பி வந்தபோது நேரம் முடிந்திருந்தது. கதை பாதியில் நின்றது.

அன்றே வெள்ளத்தை எடுத்துவிட்டேன். முதல் பாடத்தில் மட்டுமல்ல, பாடத்திட்டத்திலிருந்தே. நெருப்பைத் திருடி வந்த கதைகளை முதலில் வைக்கலாம், உலகம் முட்டையிலிருந்து வந்த கதைகளை வைக்கலாம். பிள்ளைகளைக் கஷ்டப்படுத்த நான் யார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளம் இல்லாமல் ஒரு புராணப் புத்தகம் கிடைக்குமா என்று தேட ஆரம்பித்தேன். கிடைக்கவில்லை.

முகாமின் கடைசி நாளில் அந்தப் பெண் ஆசிரியர் அறைக்கு வந்தாள். கதவருகே நின்றாள்.

"டீச்சர், அந்த போட் கதைய மறுபடி எப்ப படிப்போம்?"

"அத எடுத்துட்டேன்மா. வேற ஒண்ணு படிப்போம்."

"ஏன் டீச்சர்? நான் பேசினதாலயா?"

"இல்லம்மா. எல்லாருக்கும் சங்கடமா இருக்கும்னு பாத்தேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "தண்ணி ஏறுற வரைக்கும்தான் படிச்சோம். வடியிறத படிக்கவே இல்ல. அப்படியே விட்டுட்டா எப்படி டீச்சர்?"

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள், வெளியே அவள் அப்பாவின் கார் காத்திருந்தது. நான் மேசைமேலிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளம் வடியும் இடத்தைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மழைக்கு இரண்டு பக்கம், கப்பலுக்கு நான்கு பக்கம். வடிவதற்கு மட்டும் ஒரே வரி. தண்ணீர் வற்றியது, மனிதர்கள் புது வாழ்வைத் தொடங்கினார்கள். எனக்குக் கோபமாக வந்தது. அந்த ஒரு வரிக்குள்தான் நாங்கள் மாதக்கணக்கில் சேறு அள்ளினோம். சுவரில் தண்ணீர் நின்ற அளவுக்கு விழுந்த சேற்றுக் கோட்டைத் தேய்த்தோம், அது மூன்று முறை பெயின்ட் அடித்தும் தெரிந்தது. என் கணவரும் நானும் ஒரு நாற்காலியைத் தூக்கிப் போடுவதா வைத்துக்கொள்வதா என்று சண்டை போட்டுப் பேசாமல் இருந்தோம்.

பிறகு நான் தேடியதே வேறு. கடை கடையாகப் போய், வடியும் பகுதியை எந்தப் புத்தகம் பொறுமையாகச் சொல்கிறது என்று பார்த்தேன். கடைக்காரர்கள் நான் நின்றபடியே நடுப்பக்கம் மட்டும் புரட்டுவதைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். கிள்ளானில் ஒரு பழைய புத்தகக் கடையில் அது கிடைத்தது. படமே இல்லாத, அட்டை வெளுத்துப்போன புத்தகம். அதில் பறவையை அனுப்பிவிட்டு அது திரும்பி வருமா என்று காத்திருக்கிறார்கள், பல முறை. சேற்றில் முதலில் யார் இறங்குவது என்று தயங்குகிறார்கள். தப்பித்த கிழவனும் கிழவியும் இனி யாரோடு பேசுவது என்று அழுகிறார்கள். சீனக் கதை ஒன்றில் கப்பலே இல்லை. ஒருவன் ஊரைக் கூட்டி, வருடக்கணக்காக வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு அனுப்புகிறான். தன் வீட்டு வாசல் வழியாகப் போகும்போதும் உள்ளே நுழையாமல் போகிறான். அந்தப் பக்கத்தை நான் கடையிலேயே இரண்டு முறை படித்தேன். கடைக்காரர் ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளிவைத்தார்.

முதல்வருக்கு அந்தப் புத்தகம் முதலில் பிடிக்கவில்லை. படம் இல்லை, எழுத்து பொடி, இந்தக் காலத்துப் பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்றார். நான் வாய்க்கால் வெட்டியவன் பக்கத்தைத் திறந்து அவர் முன் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அவன் வீட்டுக்குள் போகாததை என் அப்பா பெரிய பெருமையாகச் சொல்வார்," என்றார் ஆங்கிலத்தில். "என் அம்மாவுக்கு மட்டும் கோபம் வரும். உள்ளே அவன் மனைவி என்ன செய்துகொண்டிருந்தாளாம் என்று கேட்பார்."

"அதை வகுப்பில் கேட்கலாமா?" என்றேன்.

"கேளுங்கள்," என்றார். நல்ல நிலையில் வேறு பிரதிகள் கிடைக்குமா என்று தானே விசாரிப்பதாகவும் சொன்னார். கிடைத்தன, கொஞ்சம் தாமதமாக.

விடுமுறை முடிந்து பள்ளியின் புதுத் தவணையில் பாடம் தொடங்கியது. முதல் புத்தகம் அது. இரண்டாவதாக, சரவாக்கிலிருந்தும் மலாய்த் தீபகற்பத்துக் காடுகளிலிருந்தும் வந்த கதைகளை நிகழ்காலத்திலேயே சொல்லும் ஒரு சின்ன நூலை வைத்தேன். வடியும் பகுதியை அந்தப் பெண்தான் வாசித்தாள். குரல் சின்னது. பின்வரிசைப் பிள்ளைகள் நாற்காலிகளை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினாள். பிறகு அவளே, அவர்கள் வீட்டு நாய் எட்டு தெரு தள்ளி ஒரு கார் கூரையில் கிடைத்தது, இப்போது மழை என்றால் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது என்றாள். முகாமில் இதை அவள் சொல்லவில்லை. வாய்க்கால் வெட்டியவனின் மனைவியைப் பற்றி நான் கேட்டதும் வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது, மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

மூன்றாவது புத்தகத்தில்தான் இன்னும் இழுபறி. ஒவ்வொரு தவணையும் ஒன்றை வைக்கிறேன், பாதியில் குறை தெரிகிறது, மாற்றுகிறேன். நூலகர் என்னைப் பார்த்தாலே பெருமூச்சு விடுகிறார். போன வாரம்கூடப் பங்சாரில் இரண்டு வாங்கினேன். ஒன்றில் பாதாளத்துக்கு இறங்கிப் போகிறவர்களின் கதைகள் நன்றாக இருக்கின்றன, ஆனால் திரும்பி வருகிறவர்களைப் பற்றி அதிகம் இல்லை. இன்னொன்றை இன்னும் திறக்கவில்லை. நாளை காலை ரயிலில் பார்க்க வேண்டும்.