சர்க்கரை நோட்டில் ஏறாத மோர்மிளகாய்

இன்று ஒரத்தநாட்டு டாக்டரம்மாவிடம் என் சர்க்கரை நோட்டைச் சற்றுப் பெருமையாகவே நீட்டினேன். ஐந்து வருட அளவுகள், கோடு போட்டு எழுதியவை.

"சுகர் நல்லாருக்கு சார். பிரஷர்தான் ஏறிடுச்சு. சுகர் உள்ளவங்க ஹார்ட்டுக்கு அது ரொம்ப ஆபத்து. சோத்துக்குத் தொட்டுக்க என்ன?"

"இனிப்பே தொடறதில்லம்மா. தயிர்சாதத்துக்கு மோர்மிளகாய் மட்டும்."

"எத்தனை?"

நான் தயங்கினேன். கூட வந்திருந்த என் மனைவி தயங்கவில்லை.

"வேளைக்கு ஆறு, டாக்டர். இனிப்பை விட்டதுக்கு இவங்களே குடுத்துக்கிற பரிசாம்!"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சுகர் இருந்தா மாரடைப்பு வலிக்காமலே வரலாம் சார். உப்பைக் குறைங்க. இன்னைக்கே ஈசிஜி எடுத்துடுங்க."

ஈசிஜியில் குறையில்லை. வீடு திரும்பியதும் மோர்மிளகாய் டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாயிற்று.

உப்பில்லாமல் தயிர்சாதம் இறங்க வழி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். மனைவியும் இதைப் படிக்கிறார், பார்த்து எழுதவும்.